சிஆர்பி நார்மல் என்றால் சிறுநீரகமும் நார்மலா?

லூபஸ் நோயாளி இருக்கிற வீட்டில் ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் இரண்டு எண்களைத்தான் தேடும். ஒன்று ஈஎஸ்ஆர். இன்னொன்று சிஆர்பி. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று ரெண்டும் காட்டும், அந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லாவிட்டால் அப்பாடா என்று இருக்கும், இருந்துவிட்டால் அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார். என் தங்கச்சிக்கு லூபஸ் வந்து அது சிறுநீரகத்தையும் பிடித்துக்கொண்ட பிறகு, அவளோடு அலைந்து, டாக்டர்களிடம் கேட்டு, வீட்டுக்கு வந்து படித்து நான் தெரிந்துகொண்டது இது: சிஆர்பி நார்மலாக இருக்கும்போதே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கலாம். ஈஎஸ்ஆர் நூறைத் தொடும்போது சிறுநீரகத்தில் அழற்சி அடங்கியும் இருக்கலாம். இந்த நோயில் தனியாக நிற்கிற எந்த எண்ணையும் நம்பக் கூடாது, எது எதோடு சேர்ந்து வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். சிஆர்பி நார்மல் வந்துவிட்டது என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தியவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற வழியில் இருக்கிறது. சுற்றி முழுக்கத் தோட்டங்கள். அம்மா காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நாங்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பிறகு பட்டணத்துப் பக்கம் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்தவர்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை பார்த்தாள். பாலிபேக்கில் மண் நிரப்புவது, கன்றுக்கு உரம் போடுவது, புல் பிடுங்குவது, எல்லாம் திறந்த வெயிலில். அவள் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவந்து தடித்தபோது யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. வெயிலில் வேலை செய்கிற பெண்ணுக்கு முகம் சிவக்காமல் என்ன செய்யும் என்றார்கள். முட்டி வலித்தது, அது வேலை அலுப்பு. முடி கொட்டியது, அது ஊர்த் தண்ணீர். லூபஸ் உள்ளவர்களுக்கு வெயிலே நோயைத் தூண்டும் என்பது எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிறகு தெரிந்தது.

லூபஸ் என்றால் நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்குவது. பத்து நோயாளிகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறுகிற வயதில் இருப்பவர்கள். வெள்ளைக்காரர்களைவிட ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் சிறுநீரகப் பாதிப்பு அதிகம். லூபஸ் வந்தவர்களில் பாதிப் பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீரகத்தில் அடிபடுகிறார்கள். வலி இருக்காது. சிறுநீரகம் வலித்து யாரையும் எச்சரிப்பதில்லை. அதனால்தான் பரிசோதனைத் தாளை இவ்வளவு நம்பியிருக்க வேண்டியிருக்கிறது, அதைச் சரியாகப் படிக்க வேண்டியும் இருக்கிறது.

முதலில் ஈஎஸ்ஆர். இது மிகப் பழைய பரிசோதனை. ரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்து, ஒல்லியான நீளக் குழாய் ஒன்றில் நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்று பார்க்கிறார்கள். 1897இல் போலந்து நாட்டு டாக்டர் பியர்னாட்ஸ்கி இதைக் கவனித்து எழுதினார். 1918இல் சுவீடனில் ஃபோரேயுஸ் மறுபடி கையில் எடுத்தார். 1921இல் வெஸ்டர்கிரன் சொன்ன முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்க அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். சிவப்பணுக்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை சாதாரணமாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கும். அழற்சி வந்தால் ஃபைப்ரினோஜன் என்கிற புரதமும் எதிர்ப்புப் புரதங்களும் ரத்தத்தில் கூடும். அவை அந்தத் தள்ளுதலைக் குறைத்துவிடும், அப்போது சிவப்பணுக்கள் சில்லறைக் காசை அடுக்கியது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கனமாகி வேகமாக இறங்கும். அவ்வளவுதான். ஈஎஸ்ஆர் அளப்பது அந்த வேகத்தை. எந்த உறுப்பில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், லூபஸ் சிறுநீரக நோயில் அந்த வேகத்தைக் கூட்டுவதற்கு அழற்சி அல்லாத காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ரத்தசோகை இருந்தாலே சிவப்பணு குறைவாக இருப்பதால் வேகமாக இறங்கும். தங்கச்சிக்கு ஹீமோகுளோபின் எப்போதும் குறைவு. சிறுநீரகம் ஓட்டையாகி அல்புமின் என்கிற ரத்தப் புரதம் வெளியே போனால், அதை ஈடுகட்ட ஈரல் புரதங்களை அதிகமாகச் செய்யத் தொடங்கும். அப்படிச் செய்வதில் ஃபைப்ரினோஜனும் உண்டு. அது பெரிய புரதம், ஓட்டை வழியாக அவ்வளவு எளிதில் வெளியேறாது, ரத்தத்திலேயே தங்கி ஈஎஸ்ஆரை ஏற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிற சிலருக்குக் கிருமியும் இல்லாமல் லூபஸ் தாக்குதலும் இல்லாமல் நூறுக்கு மேல் போவதுண்டு. வயது கூடினாலும் கூடும், கர்ப்பத்திலும் கூடும். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண்வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு இருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணுக்கு 20. தங்கச்சி அந்த 20ஐ நோய் வந்த நாளிலிருந்து பார்த்ததே இல்லை. 92 என்று ஒருமுறை வந்தபோது வீட்டில் சோறு இறங்கவில்லை, ஆனால் அன்றைக்கு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஈஎஸ்ஆர் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லவில்லை. ஒரே ஆளுக்கு, ஒரே ஆய்வகத்தில், மாதக் கணக்கில் பார்த்தால் போக்கு தெரியும். ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது.

அடுத்தது சிஆர்பி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் லூபஸ் என்ன மாதிரியான நோய் என்பதே இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும். 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியாக் கிருமியின் செல்சுவரில் சி என்று பெயரிட்ட ஒரு சர்க்கரைப் பொருளோடு இது சேர்ந்து படிந்ததால் அந்தப் பெயர். சிஆர்பியைச் செய்வது ஈரல். கிருமி புகுந்தால் இன்டர்லூகின் 6 என்கிற சமிக்ஞைப் பொருள் ஈரலுக்கு வந்து சேரும், சில மணி நேரத்திலேயே சிஆர்பி ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். காரணம் நீங்கியதும் அதே வேகத்தில் இறங்கும், ரத்தத்தில் அது பாதியாகக் குறைய 19 மணி நேரம் போதும். ஆக, மூட்டுவாதம், நிமோனியா, குடல்வால் அழற்சி என்று எதுவானாலும் சிஆர்பி ஓரளவு உண்மை பேசும்.

லூபஸில் அப்படிப் பேசாது. நோய் கொழுந்துவிட்டு எரியும்போதும் பலருக்கு சிஆர்பி நார்மலாகவோ லேசாக மட்டும் கூடியோ இருக்கும். ஏன்? லூபஸ் நோயாளிகளின் உடம்பில் இன்டர்ஃபெரான் என்கிற இன்னொரு சமிக்ஞைப் பொருள் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வைரஸ் புகும்போது உடம்பு எழுப்புகிற அதே சமிக்ஞைதான், இங்கே வைரஸ் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. 2003இல் வந்த மரபணு ஆய்வுகள் லூபஸ் ரத்தத்தில் இதன் தடத்தைத் தெளிவாகக் காட்டின. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப் என்கிற மருந்து இந்த இன்டர்ஃபெரானின் ஏற்பியைத்தான் அடைக்கிறது. அந்த இன்டர்ஃபெரான், ஈரல் சிஆர்பி செய்வதைத் தடுக்கிறது. அழற்சியும் இருக்கிறது, அழற்சியைக் காட்ட வேண்டிய எண்ணை அந்த நோயே அமுக்கியும் வைத்திருக்கிறது. வைரஸ் காய்ச்சல்களில் சிஆர்பி அவ்வளவாக ஏறாமல் இருப்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது.

தங்கச்சிக்கு முதல் முறை சிறுநீரகம் அடிபட்டபோது சிஆர்பி 4. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே நார்மல் என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது. அதே நாளில் எடுத்த சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே கையில் ரெண்டு தாள்.

சரி, அப்படியானால் லூபஸில் சிஆர்பி எதற்கு? இங்கேதான் அது உயிர் காக்கிற எண்ணாக மாறுகிறது. லூபஸ் தானாக சிஆர்பியை அவ்வளவாக ஏற்றாது என்பதால், திடீரென்று 50, 60 என்று தாண்டினால் முதலில் கிருமியைத் தேட வேண்டும். நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ நீர் கோத்தால், மூட்டுகள் பலமாக வீங்கினால் லூபஸிலும் ஏறும், அந்த விதிவிலக்கு உண்டு. சிறுநீரகம் மட்டும் கெடும்போது அந்த அளவுக்கு ஏறுவது அபூர்வம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமித் தொற்றுதான் பெரிய எமன், லூபஸ் நோயாளிகள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று.

எங்கள் மாதிரி ஊரில் இந்த விஷயம் புத்தகத்தில் இருப்பதைவிடக் கடினம். ஒரு மழைக்காலத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு முழுக்க வலி, பிளேட்லெட் குறைவு, வெள்ளையணுவும் குறைவு. இதில் மூன்று நோய்கள் ஒன்றாக நிற்கின்றன. டெங்கியில் பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் குறையும். லூபஸ் தாக்குதலிலும் ரெண்டும் குறையும். எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை, உதிரிப் பழம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், அதன் மூத்திரம் கலந்த ஈர மண்ணில் காலில் சிராய்ப்போடு நடந்தால் லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே போய்விடும். அது சிறுநீரகத்தையும் தாக்கும். ஆக, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருப்பதை வைத்தும் எதுவும் தீர்மானிக்க முடியாது.

அன்று வார்டில் நின்ற டாக்டர் சின்ன வயதுதான், மலாய்க்காரப் பெண். எங்களை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். டெங்கிப் பரிசோதனை நெகட்டிவ். சிஆர்பி 148. லூபஸ் தாக்கும்போது குறைகிற சி3 என்கிற ரத்தப் புரதம் வழக்கமாக இருக்கிற அளவிலேயே இருக்கிறது, கீழே விழவில்லை. கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது. "இது லூபஸ் மாதிரி எனக்குத் தெரியவில்லை" என்றார். வீட்டுக்குப் பின்னால் அவள் செருப்பில்லாமல் கீரைப் பாத்தியில் நின்றதை மாப்பிள்ளை சொன்னதும் எலிக்காய்ச்சலுக்கான ஊசி மருந்தை அன்றைக்கே ஏற்றினார்கள், ரத்தப் பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது பிறகுதான். எதிர்ப்புச் சக்தியை அடக்க அவள் சாப்பிட்டுவந்த மைக்கோஃபினோலேட்டைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். ஸ்டீராய்டை நிறுத்தவில்லை. பல காலம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமே விழுந்துவிடும். இதை லூபஸ் தாக்குதல் என்று நினைத்து அதிக ஸ்டீராய்டு ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. சிஆர்பி 148 இல்லை என்றால், அந்த டாக்டர் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்றால். அந்த எண் நாள்தோறும் இறங்கியதை நான் பார்த்தேன். அந்த வாரம் அதுதான் எங்களுக்குச் சோறும் தண்ணியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில தனியார் ஆய்வகங்கள் சிஆர்பியை லிட்டருக்கு எவ்வளவு என்று எழுதும், சில டெசிலிட்டருக்கு எவ்வளவு என்று எழுதும். பத்து மடங்கு வித்தியாசம். டெசிலிட்டர் கணக்கில் 6 என்றால் லிட்டர் கணக்கில் 60. எண்ணை மட்டும் போனில் படித்துச் சொல்லாதீர்கள், அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவள் நான், அளவு எழுதாத எண்ணைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இனி, சிறுநீரகத்துக்கு நெருக்கமான எண்கள். சி3, சி4 என்று இரண்டு, அப்புறம் டிஎஸ் டிஎன்ஏ எதிர்ப்புப் புரதம். இவற்றில் வீட்டில் எல்லாரும் குழம்புவது சி3, சி4இல்தான், ஏனென்றால் மற்றதெல்லாம் ஏறினால் கெட்டது, இவை இறங்கினால் கெட்டது. காம்ப்ளிமென்ட் புரதங்கள் என்பவை கிருமியை அழிக்க ரத்தத்தில் எப்போதும் தயாராக இருப்பவை. லூபஸில் தன் சொந்த டிஎன்ஏவுக்கே எதிராக உருவான எதிர்ப்புப் புரதங்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து சிறுநீரக வடிகட்டியில் போய்ப் படிகின்றன. அங்கே காம்ப்ளிமென்ட் செலவாகிறது. செலவாவது அதிகமானால் ரத்தத்தில் மிச்சம் குறைகிறது. சி3 சாதாரணமாக லிட்டருக்கு 0.9 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும், முதல் தாக்குதலின்போது தங்கச்சிக்கு 0.48. டிஎஸ் டிஎன்ஏ எதிர்ப்பு ஏறிக்கொண்டு, சி3 இறங்கிக்கொண்டு, ரெண்டும் ஒரே நேரத்தில் எதிர்த்திசையில் போனால் டாக்டர்களின் முகம் மாறுகிறது. சி1கியூ எதிர்ப்பு என்று இன்னொன்றும் இருக்கிறது, சிறுநீரகத் தாக்குதலோடு அதற்கு நல்ல தொடர்பு உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் எடுப்பதில்லை.

இவையும் முழுமையான சாட்சி கிடையாது. காம்ப்ளிமென்ட்டையும் பெரும்பாலும் ஈரல்தான் செய்கிறது, கிருமித் தொற்றிலும் வேறு அழற்சியிலும் அது அதிகமாகச் செய்யும், அப்போது செலவாவதும் வரவாவதும் ஒன்றையொன்று மறைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே சி4 மரபணுப் பிரதிகள் குறைவு, நோய் அடங்கி இருக்கும்போதும் சி4 மேலே வராது. தங்கச்சிக்கும் சி4 எப்போதும் தரையிலேயே கிடக்கிறது, டாக்டர் அவளுக்கு சி3ஐத்தான் பார்க்கிறார். இன்னும் சிலருக்கு ரத்தத்தில் எல்லாம் மோசமாக இருக்கும், ஆள் வருஷக் கணக்கில் நன்றாக இருப்பார். அவர்களுக்கு எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் மருந்தால் வருகிற கெடுதல்தான் மிச்சம். நெருக்கமாகக் கவனித்துக்கொண்டு இருப்பார்கள்.

வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலை இன்னொரு வகையான லிம்ஃபோசைட்டால் வகுத்து வருகிற விகிதத்தை இப்போது அழற்சி அளவாகச் சிலர் காட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஸ்டீராய்டு சாப்பிட்டாலே நியூட்ரோஃபில் ஏறும், லூபஸில் லிம்ஃபோசைட் தானாகவே குறையும். வகுத்தால் ஏறத்தானே செய்யும்.

இப்படி ரத்தத்தில் தேடித் தேடிக் கடைசியில் போய் நிற்பது சிறுநீர்க் குப்பியில்தான். லூபஸ் சிறுநீரக நோயைப் பொறுத்தவரை, ரத்தத்தில் உள்ள எந்த அழற்சி எண்ணைவிடவும் அந்தக் குப்பி சொல்வது பெரியது என்பது என் உறுதியான அபிப்பிராயம். விலையும் மலிவு. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரை, முன்பகுதியை விட்டு நடுவில் பிடிக்க வேண்டும். கழிவறையில் நுரை அடங்காமல் நின்றுகொண்டே இருந்தால் புரதம் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும், எங்கள் வீட்டில் அதை முதலில் கவனித்தது அம்மா. கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சோதனைக் காகிதப் பட்டையை நனைத்து வைத்ததும் மஞ்சளாக இருந்த சின்னக் கட்டம் பச்சையாக மாறும், எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு புரதம். அது ஒரு முன்னோட்டம் மட்டும். சிறுநீர் கெட்டியாக இருந்தால் பட்டை கூடுதலாகக் காட்டும், நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் குறைத்துக் காட்டும். அதனால் ஆய்வகத்தில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்க வேண்டும். நம் ஆய்வகக் கணக்கில், அதாவது ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு எத்தனை மில்லிகிராம் புரதம் என்ற அளவில், 15க்குக் கீழே இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை கிராம் புரதம் போகிறது என்று பொருள், லூபஸ் நோயாளிக்கு அந்த அளவில் சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் யோசனையை டாக்டர்கள் தொடங்குகிறார்கள். தங்கச்சிக்கு அன்று 210. சிஆர்பி 4 இருந்த அதே நாள்.

ரத்தக் கிரியேட்டினின் நார்மல் என்பதையும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகத்தில் கணிசமான பகுதி போன பிறகுதான் அது ஏறத் தொடங்கும். மெலிந்த பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் இன்னும் தாமதமாகக் காட்டும்.

சதை எடுத்துப் பார்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003இல் வகுத்த முறைப்படி லூபஸ் சிறுநீரக நோயை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். மூன்றும் நான்கும் கடும் அழற்சி, ஐந்து புரதம் கொட்டுகிற வகை, ஆறு தழும்பாகிவிட்டது. தங்கச்சிக்கு நான்கு. இன்னும் எரிகிற அழற்சி எவ்வளவு, ஆறிப்போன தழும்பு எவ்வளவு என்பதை அந்தத் துணுக்குச் சதைதான் சொல்லும், எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. அழற்சிக்கு மருந்து உண்டு, தழும்புக்கு இல்லை. சதை எடுத்து முடித்த பிறகு ஆஸ்பத்திரியில் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து அசையாமல் இருக்கச் சொன்னார்கள், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டது, "அக்கா, இனிமே நாற்றுமேடைக்குப் போக முடியாதா?" என்றுதான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. எங்கள் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்திலிருந்து மண்டபத்தில் முகாம் போட்டு முழு உடல் பரிசோதனைத் திட்டம் விற்றார்கள். நூற்றுக்கணக்கான வெள்ளி, அதாவது ரிங்கிட். பக்கம் பக்கமாக எண்கள். ஈஎஸ்ஆர், சிஆர்பி, கட்டிக்கான குறியீடுகள்கூட உண்டு. தனக்கு லூபஸ் இருக்கிறது என்று சொல்லி ரத்தம் கொடுத்த ஓர் அத்தைக்கும் சிறுநீர்ப் புரத விகிதம் எடுக்கவில்லை. அழற்சி இல்லை என்று பச்சை நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அவர் அதை நம்பி, அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்திவிட்டார், கண்ணுக்குக் கெடுதல் என்று யாரோ ஏற்கெனவே பயம் காட்டியிருந்தார்கள். கால் வீங்கித்தான் திரும்பி வந்தார். அந்த மருந்தை எடைக்கு ஏற்ற அளவில், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுத்து, காலாகாலத்தில் கண்ணைப் பரிசோதித்தால் ஆபத்து குறைவு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள், அது டாக்டரின் கணக்கு. தாக்குதல் திரும்பி வராமல் தடுப்பதில் அந்த மாத்திரை லூபஸ் சிகிச்சையின் அஸ்திவாரம். நிபுணர் கிளினிக்கில் நமக்கு 5 வெள்ளிதான் கட்டணம். அந்த 5 வெள்ளியில் கிடைக்கிற ஒரு சிறுநீர் விகிதம், அவர் பணம் கொட்டி வாங்கிய அத்தனை பக்கங்களையும்விடப் பயன்பட்டிருக்கும்.

முட்டி வலிக்கிறது என்று மளிகைக் கடையிலும் கிளினிக்கிலும் வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட் வகை மாத்திரைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவை வலியையும் அடக்கும், காய்ச்சலையும் அடக்கும், லூபஸ் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். எந்த கிளினிக்குக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது "எனக்கு லூபஸ், கிட்னியில இருக்கு" என்பதுதான்.

நான் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வைக்கிறேன். தேதி, சிறுநீர் விகிதம், சி3, டிஎஸ் டிஎன்ஏ, கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிஆர்பி, ஈஎஸ்ஆர், அந்த வாரம் ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், கடைசிக் கட்டத்தில் காய்ச்சல், வெயில், வலி என்று ஒரு வரி. சிறுநீர் விகிதத்தை முதலிலும் ஈஎஸ்ஆரைக் கடைசியிலும் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். டாக்டர் மாறினாலும் புத்தகம் மாறாது. புதிதாக வருகிற டாக்டர்கள் கணினியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

இப்போது தங்கச்சியின் சிறுநீர் விகிதம் 30க்குக் கீழே வந்திருக்கிறது. ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம். அவளுக்குப் பிள்ளை வேண்டும். முதலில் டாக்டர் மைக்கோஃபினோலேட்டை மாற்றி அசாதயோபிரின் கொடுத்திருக்கிறார், முந்தையது கருவைப் பாதிக்கும். அதை விட்டு ஆறு வாரமாவது ஆன பிறகுதான் கருத்தரிக்கலாம், அதற்கும் மேலாக நோய் தொடர்ந்து ஆறு மாதமாவது அடங்கி இருக்க வேண்டும் என்கிறார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கர்ப்பத்திலும் தொடரும். கர்ப்பமானால் நாங்கள் இவ்வளவு காலம் பழகிய எண்கள் எல்லாம் இடம் மாறும். ஈஎஸ்ஆர் தானாக ஏறும், அதைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காம்ப்ளிமென்ட்டும் கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும், ஆக 0.9 என்று வந்தால் முன்பு சந்தோஷப்பட்ட நாங்கள் அப்போது அது ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டியிருக்கும். மாதம் ஏறியபின் ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் கூடினால் அது கர்ப்ப நச்சா, லூபஸா என்று பிரிக்க சி3உம் டிஎஸ் டிஎன்ஏவும் சிறுநீரில் சிவப்பணுவும் துணைக்கு வரும். மாப்பிள்ளை இதையெல்லாம் என்னிடம் கேட்டுப் புத்தகத்தில் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டார். அடுத்த மாதம் ஈப்போவில் மகப்பேறு டாக்டரையும் சிறுநீரக டாக்டரையும் ஒரே நாளில் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள், காலைச் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு விடியும் முன் கிளம்ப வேண்டும்.